கலர் கிரேடிங் வகுப்பை எங்கள் கரையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் இளைஞர்களுக்கான திறன் பயிற்சிகளை முடிவுசெய்யும் அலுவலர்களுக்கும், அவற்றை ஏற்று நடத்தும் பயிற்சி நிறுவனத்தாருக்கும் எழுதும் திறந்த மடல்.

புதிய பயிற்சிப் பட்டியல் வெளியாகியிருக்கிறது. கடந்த முறை அதில் இருந்த வீடியோ கலர் கிரேடிங் வகுப்பு, அதாவது எடுத்த படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யக் கற்றுத்தரும் வகுப்பு, இம்முறை இல்லை. அந்த இடத்தில், கைப்பேசியில் ரீல்ஸ் தயாரிக்க இரண்டு நாள் முகாம் என்று போட்டிருக்கிறீர்கள். நேரில் வந்து கேட்டபோது, மாணவர் வருகை குறைவு என்றும், கடலோரப் பகுதியில் இந்தத் தொழிலுக்கு வேலைவாய்ப்பு இல்லை என்றும் சொன்னீர்கள். ஆர்வமுள்ளவர்கள் சென்னைக்குப் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்பது கடைசியாக வந்த பதில். இவற்றில் ஒன்றைக்கூட என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழியாகவே பதில் வந்தது. ஆகவே, இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுத்தில் கேட்கிறேன்.

மண்டபம் ஊர்ப் பக்கத்தில் திருமண வீடியோ எடுத்து, எடிட் செய்து, கலர் செய்து கொடுத்துப் பிழைப்பவன் நான். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளை அந்த வகுப்புக்கு அனுப்பினேன். பயிற்றுநரிடம் அனுமதி கேட்டு நானும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கே எழுதுவதெல்லாம் கண்ணால் கண்டது.

வேலைவாய்ப்பு இல்லை என்ற காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் வரை தேடினாலும் கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் வீடியோகிராபரைப் பார்ப்பது கடினம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் நிக்காஹ், பாம்பன், தங்கச்சிமடத்தில் தேவாலயத் திருமணம், உள்ளூர்க் கிராமங்களில் காதுகுத்தும் கிரகப்பிரவேசமும், அதற்குமேல் கும்பாபிஷேகம், சந்தனக்கூடு, தேர்பவனி. வீட்டில் பாதிப்பேர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். மகளின் கல்யாணத்துக்கு வர முடியாத தகப்பன் அந்தக் கல்யாணத்தைக் காண்பது எங்கள் வீடியோவில்தான்.

எடுத்த வீடியோ எங்கே போகிறது தெரியுமா? ஹார்ட் டிஸ்கைப் பொட்டலம் கட்டிக் கூரியரில் மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்புகிறார்கள். எடிட்டிங்குக்கு இங்கே ஆள் உண்டு, கலருக்கு இல்லை என்பதால் அந்தக் கூலி அப்படியே ஊரைவிட்டுப் போகிறது. கடலில் தாங்கள் செய்யும் தொழிலைப் படமெடுத்து யூடியூபில் போடும் மீனவ இளைஞர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களும் குறும்படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் கலர் செய்ய ஆள் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கலர் செய்கிறவர் படம் எடுத்த ஊரில் இருக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. அசல் கோப்பு ஓரிடத்தில் இருக்க, அதன் சிறிய நகலை வைத்து இன்னோர் ஊரில் வேலை செய்து, சில கிலோபைட் அளவுள்ள கிரேடு விவரத்தை மட்டும் திருப்பி அனுப்ப முடியும். சரியாகக் கற்றவர் உச்சிப்புளியில் உட்கார்ந்து சென்னை வேலையைச் செய்யலாம். வேலை இருக்கிறது, கற்ற கைதான் இல்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய வகுப்பைத்தான் நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள்.

இனி, நீங்கள் நடத்திய வகுப்பைப் பற்றி. அதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வருகை குறைந்ததற்கான பாதிக் காரணம் அந்த அறைக்குள்ளேயே இருந்தது.

இளம்பச்சைச் சுவர். தலைக்குமேல் ட்யூப்லைட். மேற்கே திரையில்லாத ஜன்னல், பிற்பகலில் அதன் வழியே மஞ்சள் வெயில் நேராக மானிட்டர்களில் விழுந்தது. மானிட்டர்கள் அலுவலகத்தில் பில் போடப் பயன்படும் சாதாரண ரகம். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் கறுப்பு சாம்பலாகிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் முகம் மஞ்சளாகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மானிட்டர்களில் ஒரே படம் இரண்டு நிறத்தில் தெரிந்தது. எது சரி என்று ஒரு மாணவி கேட்டாள். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அது என்று பயிற்றுநர் சொன்னார்.

கலர் பயிற்சியில் சொல்லக்கூடாத பதில் அது. மனிதக் கண் தன்னைச் சுற்றியுள்ள நிறத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். பச்சைச் சுவருக்கு நடுவே உட்கார்ந்தவனுக்கு நடுநிலைச் சாம்பல் நிறம் சற்றுச் சிவப்பேறித் தெரியும். அதை அவன் சரிசெய்யப் போவான், படம் பச்சையாகிவிடும். இதனால்தான் கலர் செய்யும் அறைகளில் சுவருக்கு நிறமற்ற சாம்பல் வண்ணம் அடிக்கிறார்கள், மானிட்டருக்குப் பின்னால் 6500 கெல்வின் அளவுள்ள மங்கிய வெள்ளை விளக்கு வைக்கிறார்கள், மற்ற விளக்குகளை அணைக்கிறார்கள். தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் போகும் சாதாரணப் படத்துக்கு ரெக்.709 என்ற நிற அளவு இருக்கிறது. அதற்கான வெள்ளைப்புள்ளி, அதாவது திரையில் எது வெள்ளை என்பதற்கான அளவு, டி65. திரையின் உச்ச வெளிச்சத்தை 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று வைத்துக்கொள்வதும், மங்கலான அறைக்குக் காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சம் எப்படி ஏறுகிறது என்ற கணக்கு) 2.4 என்று வைப்பதும் தொழிலில் நிலைத்த வழக்கம். மானிட்டர் இந்த அளவில் நிற்கிறதா என்று பார்க்கத் திரையில் ஒட்டிவைக்கும் சிறிய அளவுக்கருவி கிடைக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு அது ஒன்று போதும். சாம்பல் வண்ணம் அடிக்க ஒரு பெயிண்டர் போதும். இவை சினிமாக்காரர்களின் ஆடம்பரம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். தையல் வகுப்புக்கு இஞ்ச் டேப் எப்படியோ, இந்த வகுப்புக்கு அளவு சரிபார்த்த மானிட்டர் அப்படி.

அளவுப் படங்கள் வகுப்பில் ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. வெளிச்சத்தைக் காட்டும் வேவ்ஃபார்ம், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் பரேடு, நிறத்தையும் அதன் செறிவையும் காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற மூன்று வரைபடங்களும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. மானிட்டர் பொய் சொன்னாலும் இவை பொய் சொல்வதில்லை. வெளிச்சம் எங்கே தட்டி நிற்கிறது, எந்த நிறம் மேலோங்குகிறது என்பதை இவற்றில் எண்ணாகப் படிக்கலாம். நல்ல மானிட்டர் வாங்கப் பணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், இவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தால் பாதிப் பாடம் ஆகியிருக்கும்.

கற்றுக்கொடுத்தது என்ன? லட் ஒட்டுவது. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு கட்டு லட் கோப்புகள். ஒவ்வொன்றாகப் படத்தின்மேல் போட்டுப் பார்த்து, அழகாக இருப்பதைத் தேர்ந்தெடு என்பதே நாள் முழுவதும் பாடம். லட் என்பது எண்களின் அட்டவணை. உள்ளே இந்த நிறம் வந்தால் வெளியே இந்த நிறத்தைக் கொடு என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. படம் வெயிலில் எடுத்ததா, மண்டபத்துக்குள் எடுத்ததா, வெளிச்சம் கூடியதா, குறைந்ததா என்று அது பார்க்காது. முதலில் வெளிச்சத்தைச் சமன்செய்து, வெள்ளையை வெள்ளையாக்கி, அடுத்தடுத்த ஷாட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, அதன்பின் தேவைப்பட்ட இடத்தை மட்டும் தனியே பிடித்துத் திருத்தி, கடைசியில்தான் படத்துக்கென்று ஒரு தோற்றம் கொடுக்க வேண்டும். கடைசிப் படியை முதல் பாடமாக வைத்து, மற்ற படிகளை விட்டுவிட்டீர்கள்.

என்னை இந்த மடல் எழுத வைத்ததே அந்த லட் கட்டு எங்கள் மக்களின் முகத்துக்குச் செய்த காரியம்தான். ஒரு மீனவக் குடும்பத்துக் கல்யாண வீடியோவை வகுப்பில் எடுத்துப் போட்டார்கள். மணமகன் கடல் வெயிலில் கறுத்தவர். மணமகளும் மாநிறம். லட் போட்டதும் இருவர் முகமும் ஆரஞ்சாகிவிட்டது, பின்னாலிருந்த கடல் பச்சை கலந்த நீலமாகிவிட்டது. அது போதாதென்று பயிற்றுநர் முகத்தின் வெளிச்சத்தை ஏற்றி ஏற்றி வெளுக்க வைத்தார். கஸ்டமர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்றார். மணமகளின் அம்மா நெற்றியில் இருந்த குங்குமம் ரோஜா நிறமாகியிருந்தது. தாலியின் மஞ்சள் கயிறு வெளுத்துப்போயிருந்தது. அதைச் சரியென்று எழுதிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு இருக்கிறது. எந்த நாட்டவர், எந்த நிறத்தவர் ஆனாலும், வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த முகம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். ரத்தமும் மெலனினும் சேர்ந்துதான் எல்லோருடைய தோலுக்கும் நிறம் கொடுக்கின்றன என்பதே காரணம். கறுப்பு, சிவப்பு என்று நாம் பேசும் வேறுபாடு பெரும்பாலும் வெளிச்ச அளவிலும் நிறத்தின் செறிவிலும் தெரிவது. இந்த ஒரு கோட்டைக் காட்டியிருந்தால் போதும், கறுத்த முகத்தைக் கறுத்த முகமாகவே களையாகக் காட்டுவது எப்படி என்று அந்தப் பிள்ளைகள் அன்றே கற்றிருப்பார்கள். கறுத்த தோலில் வெளிச்சம் படும்போது நெற்றியிலும் கன்ன மேட்டிலும் ஒரு மினுக்கம் வரும். அதைக் காப்பாற்றி, நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் முகம் தானாக உயிர்பெறும். வெளுக்கச் செய்ய வேண்டிய தேவையே வராது. அரசுச் சான்றிதழோடு நடக்கும் ஒரு வகுப்பில், எங்கள் பிள்ளைகளின் தோல் நிறத்தைத் திருத்த வேண்டிய பிழையாகக் கற்றுக்கொடுத்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கற்கக்கூடிய பிள்ளைகளா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். கல்யாண வரவேற்பு மேடைகளில் இப்போது ஊதா, நீல நிற எல்இடி விளக்குகளைத்தான் போடுகிறார்கள். அந்த விளக்கு பட்ட கன்னம் கேமராவில் வெறும் நீலத் தட்டாக நின்றுவிடும், தோலின் நுணுக்கம் எதுவும் தெரியாது. வகுப்பில் இப்படி ஒரு காட்சி வந்தபோது லட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கேமரா சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதே காட்சியை என் அறையில் வைத்து, தங்கச்சிமடத்திலிருந்து வேலை பழக வரும் பெண்ணிடம் பரேடைத் திறந்து காட்டினேன். சிவப்பு அடியில் கிடந்தது, நீலம் உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. எது போய்விட்டதோ அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதிலிருந்து எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் நீலத்தின் செறிவை முதலில் இறக்கினாள். பிறகு ஒரு நிறத்தின் பதிவை இன்னொன்றில் கலக்க உதவும் சானல் மிக்சரில், பச்சைச் சானலில் மிச்சமிருந்த நுணுக்கத்தை நீலத்துக்குள் கொஞ்சம் கலந்தாள். கன்னத்தில் மீசையின் நிழல் முதலில் தெரிந்தது, பின் காதோரம், பின் சட்டைக் காலரின் மடிப்பு. வெளிச்சம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் மணமகன் முகம் வந்துவிட்டது. மேடை ஊதாவாகவே இருக்கட்டும் அண்ணே, அன்றைக்கு அப்படித்தானே இருந்தது என்றாள். அந்தப் பெண் உங்கள் வகுப்பைப் பாதியில் விட்டவர்களில் ஒருத்தி. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருக்கும் சிவப்பு மையைத்தான் நீங்கள் ஆர்வமின்மை என்று படித்திருக்கிறீர்கள்.

கேமரா விஷயத்திலும் வழிகாட்டல் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் கெடுகிறார்கள். எஸ்-லாக்கில், அதாவது பிறகு கலர் செய்வதற்காக வெளிறிய, தட்டையான படமாகப் பதியும் முறையில், எடுத்தால்தான் சினிமா போல வரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, 8 பிட் மட்டுமே பதியும் பழைய கேமராவில் லாக் வைத்து எடுக்கிறார்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 10 பிட்டில் 1024. லாக் படத்தை இழுத்துச் சரிசெய்யும்போது அந்த 256 படி போதாமல், மாலை வானம் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். இந்தக் கேமராவுக்கு இது வேண்டாம், சாதாரண முறையிலேயே வெளிச்சத்தைக் கவனித்து எடு என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் எத்தனையோ குடும்பத்தின் கல்யாண வீடியோ தப்பியிருக்கும்.

வகுப்பில் ஒரு பையன் முகங்களை எப்போதும் பச்சையேறச் செய்துகொண்டிருந்தான். கவனமில்லை என்று திட்டு வாங்கினான். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண்கள் உண்டு, பெண்களிடம் அது மிக அரிது. எண்களை ஒளித்துவைத்த புள்ளிப் படங்களைக் காட்டும் இஷிஹாரா சோதனையால் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சோதனையை முதல் நாளிலேயே செய்திருந்தால் அவனுக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரிந்திருக்கும், அளவுப் படங்களை நம்பி வேலை செய்யப் பழகியிருப்பான், அல்லது எடிட்டிங் பக்கம் போயிருப்பான். அவனுக்குத் திட்டு மட்டும்தான் கிடைத்தது.

வருகைக் குறைவுக்கு இன்னொரு காரணம் நீங்கள் வைத்த நேரம். காலை பத்து மணிக்கு வகுப்பு. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். போன படகு மறுநாள் காலையில் கரை சேரும்போது மீன் இறக்கவும், வலை பிரிக்கவும், ஐஸ் போடவும் வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். அந்த வேளையில் வகுப்பு வைத்தால் மீனவர் வீட்டுப் பிள்ளை எப்படி வருவான்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் நிற்கும், இளைஞர்கள் வருமானமில்லாமல் வீட்டில் இருப்பார்கள். பயிற்சி வைக்க அதைவிடப் பொருத்தமான காலம் இந்தக் கரைக்குக் கிடையாது. நீங்கள் வகுப்பைத் தொடங்கியதோ தடைக்காலம் முடிந்த பிறகு. ஸ்டூடியோக்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஆடி மாதம் ஓய்வு, முகூர்த்தம் இருக்காது. ஆள் வராத நேரத்தில் நடத்திவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சென்னைக்குப் போகச் சொல்கிறீர்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே டிஜிட்டல் இன்டர்மீடியட் என்ற பெயரில் பட்டப்படிப்பே இருக்கிறது, திரைத்துறையில் டிஐ என்று சொல்லும் நிறம் சரிசெய்யும் வேலைக்கான படிப்பு அது. மதிப்புக்குரிய படிப்பு. ஆனால் அது சினிமாவுக்கென்று நான்கு ஆண்டுகளைக் கொடுக்கக்கூடியவர்களுக்கு. படகுக் கடனும் தங்கச்சி படிப்பும் தலைமேல் இருக்கும் பையனோ, இரவு ரயிலேற்றித் தனியே அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண்ணோ அங்கே போக முடியாது. தனியார் வகுப்புகளின் கட்டணத்தோடு சென்னை அறை வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். புனே திரைப்படக் கல்லூரியே 2017ஆம் ஆண்டு முதல் குறுகியகாலத் திரைப்பட வகுப்புகளைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய் நடத்தியது. கற்றவர் ஊர் தேடி வர முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 2018இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். அந்தத் திட்டம் அளந்து பார்க்கும் விஷயங்களில் திறன் மேம்பாடும் ஒன்று. இப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு திறனை நீக்கிவிட்டு ஊரைவிட்டுப் போகச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கலர் கற்க இந்தக் கரையைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடைக்காது. தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் ஒரு பக்கம் பாக் நீரிணை, எங்கள் மக்கள் பெண் கடல் என்பார்கள், ஆழம் குறைந்து, கலங்கி, சாம்பல் பச்சையாகக் கிடக்கும். மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், கருநீலம். ஒரே காட்சியில் கேமராவைத் திருப்பினால் இரண்டு நிறம். இந்த இரண்டு ஷாட்டுகளையும், அவற்றின் வேறுபாட்டைக் கெடுக்காமல், நடுவில் நிற்கும் மனிதரின் முகம் மட்டும் மாறாதபடி பொருத்துவது எந்தப் பாடப்புத்தகப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல. உச்சி வெயிலில் வெள்ளை மணலும் கறுத்த முகமும் ஒரே சட்டகத்தில் வரும்போது எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க இங்கே தினமும் பழகலாம்.

கடலுக்கு அடியிலும் பாடம் இருக்கிறது. 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். பவளப்பாறைகளைப் படமெடுக்கவும், பாசி எடுக்க மூழ்கும் பெண்களைப் படமெடுக்கவும் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி போய்விடும். அப்படி எடுத்த படத்தில் சிவப்புச் சானலை ஏற்றினால் வருவது புள்ளி புள்ளியான இரைச்சல்தான். எவ்வளவு மீட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும், எடுக்கும்போதே சிவப்பு வடிகட்டியோ விளக்கோ எப்போது வேண்டும் என்று தெரிந்த ஆள் இந்தக் கரையில் இருக்க வேண்டாமா? அந்தப் பெண்களைப் பச்சைத் தண்ணீருக்குள் முகமில்லாத நிழல்களாகக் காட்டும் படங்களை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அவர்கள் முகத்தை அறிந்தவர்கள் கலர் செய்தால் படம் வேறாக வரும்.

மென்பொருளுக்குச் செலவு இல்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே நான் சொன்ன எல்லாப் பாடமும் நடத்தலாம். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதற்கான பயிற்சி நூல்களையும் பழகுவதற்கான காட்சிக் கோப்புகளையும் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி நினைவகமும் உள்ள கணினி வேண்டும், அதுதான் செலவு. கடந்த வகுப்பில் வைத்திருந்த கணினிகளில் மென்பொருள் திறந்ததும் நின்றுவிட்டது, மாணவர்கள் மாறி மாறி ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ரீல்ஸ் முகாமுக்கு நான் எதிரியல்ல. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் வீடியோ வெட்டி ஒட்ட இரண்டு நாள் முகாம் தேவையில்லை, அது பட்டியலை நிரப்ப உதவும் கண்துடைப்பு.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

நீக்கிய கலர் கிரேடிங் வகுப்பை இந்த ஆண்டுப் பட்டியலில் மீண்டும் சேர்த்து, வரும் ஏப்ரல் 15இல் தொடங்கும் தடைக்காலத்துக்குள் ஒரு முழுத் தொகுதியை நடத்துங்கள். ஸ்டூடியோ ஊழியர்களுக்கு ஆடி மாதத்தில் இன்னொரு தொகுதி வையுங்கள். இடம் பாம்பனோ மண்டபமோ உச்சிப்புளியோ, பஸ்ஸில் வந்து இருட்டுவதற்குள் பெண்கள் வீடு திரும்பக்கூடிய இடமாக இருக்கட்டும்.

கலரிஸ்டாக, அதாவது கலர் கிரேடிங்கையே தொழிலாக, செய்கிற அல்லது செய்த ஒருவரைப் பயிற்றுநராக அமர்த்துங்கள். அவர் முழுக்காலமும் இங்கே தங்க முடியாவிட்டால் வாரத்துக்குச் சில நாள் வரட்டும், மற்ற நாள்களில் உள்ளூரில் தொழில் செய்யும் நாங்கள் கூட நின்று பழக்குகிறோம். அதற்கு ஊதியம் கேட்கவில்லை.

வகுப்பறைச் சுவருக்குச் சாம்பல் வண்ணம், ஜன்னலுக்குக் கனத்த திரை, அளவு சரிபார்த்த ஒரு மானிட்டராவது, இருவருக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடக்கூடிய கணினி. இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முதல் நாளில் நிறப்பார்வைச் சோதனை வையுங்கள். பயிற்சிக்கு இந்தக் கரையில் எடுத்த அசல் காட்சிகளையே பயன்படுத்துங்கள். உரிய குடும்பங்களின் சம்மதத்தோடு அவற்றைச் சேகரித்துத் தர எங்கள் பகுதி வீடியோகிராபர்கள் தயாராக இருக்கிறார்கள்.

வருகையை மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்துங்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த சில ஷாட்டுகளைக் கொடுத்து, சமன்செய்து பொருத்தச் சொல்லி, வெளியிலிருந்து வரும் ஒரு கலரிஸ்ட் பார்த்துத் தேர்ச்சி சொல்லட்டும். முகத்தை வெளுக்கச் செய்வது பாடத்தில் எங்கும் இருக்கக்கூடாது என்பதைப் பயிற்றுநருக்கான குறிப்பில் சேருங்கள்.

கடந்த வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றவர்களைப் பழைய பதிவேட்டைக் காட்டி ஒதுக்காமல், மீண்டும் சேர முதல் வாய்ப்புக் கொடுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது, முடியாததற்குக் காரணம் என்ன என்று மார்ச் மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு மனுநீதி நாளிலும் இந்த மடலின் நகலோடு வருவேன், என்னோடு அந்தப் பிள்ளைகளும் வருவார்கள்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதி வீடியோ எடிட்டர் ஒருவர்